நாலு போல்ட்டு

வள்ளியூர் பிக்கப் ஸ்டாண்டில் நின்று "ஆசானே" என்று ஒரு குரல் கொடுத்தால், திரும்பிப் பார்ப்பது ஒரு பொம்பளை.

பெயர் தவசுக்கனி. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். சிலம்பமும் தெரியாது, வர்மமும் தெரியாது. ஓட்டுவது ஒரு கிழட்டுப் பிக்கப். அந்த வண்டியை வைத்துக்கொண்டு அவள் செய்கிற காரியத்தைப் பார்த்துத்தான் டிரைவர்மார் அப்படிப் பெயர் வைத்தார்கள். முதலில் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். போகப் போகக் கிண்டல் உதிர்ந்துவிட்டது, பெயர் நின்றுவிட்டது.

காரியம் என்னவென்றால், மைலேஜ். அங்கே எல்லாரும் ஏற்றுவது வாழைத்தார். எல்லாரும் போவது நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்கு. மற்ற பழைய வண்டிகள் லிட்டருக்கு ஒன்பது, பத்து என்று இளைத்துக்கொண்டிருக்கும்போது, தவசுக்கனியின் வண்டி பதினாலு கொடுத்தது. கம்பெனிக்காரன் வந்து சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் என்ன செய்வது?

அதிகமாகப் பார்த்தது மாசானம். ஐம்பது வயதுக்காரர். அவரிடம் இருந்ததும் அதே கம்பெனி, அதே மாடல். சொல்லப்போனால் அவருடைய வண்டி அவளுடையதைவிட ரெண்டு வருஷம் இளசு. கொடுத்தது ஒன்பது.

அந்த ஒன்பதில்தான் அவர் குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது. வைகாசி மாதம் அவர் பெண்டாட்டி பேச்சி தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஆடி முடியட்டும். அதுக்குள்ள இந்த வண்டி தன் வயித்தைத் தானே கழுவணும். இல்லேன்னா வித்துருவோம்."

"வித்துட்டு?"

"உங்க தம்பி மூணு புது வண்டி விட்டிருக்காரு. டிரைவர் வேணும்னு ஆள் விட்டுச் சொன்னாரு."

தம்பி சுயம்புவோடு மாசானம் பேசி நாலு வருஷம் ஆகிறது. அவனிடம் போய்க் கைநீட்டிச் சாவி வாங்கி, அவன் வண்டியை ஓட்டி, சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கயிற்றில் நாண்டுகொண்டு நிற்கலாம் என்று மாசானத்துக்குத் தோன்றியது. அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? சாப்பிடாமல் எழுந்துபோனார்.

அவர் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. டீசல் டேங்கில் அந்துருண்டை போட்டால் மைலேஜ் ஏறும் என்று ஒருத்தன் சொன்னான், போட்டார். டீசல் பைப்பில் காந்தம் கட்டச் சொன்னான் இன்னொருத்தன், கட்டினார். சுடலைமாடன் கோயில் திருநீறை எஞ்சினுக்கே பூசினார். வண்டி அந்துருண்டை நாற்றத்தோடு அதே ஒன்பது கொடுத்தது.

ஒருநாள் டீக்கடையில் தவசுக்கனிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"தங்கச்சி, ஒரு விஷயம் கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க அண்ணாச்சி."

"டேங்குல என்ன போடுதிய?"

"டீசல்."

"அது தெரியும். அதுக்கு மேல?"

"மூடி."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாசானமும் அசடு வழியச் சிரித்தார். ஆனால் விடவில்லை. அன்றைக்குச் சந்தையில் அவள் தார் இறக்கிக்கொண்டிருந்தபோது அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அடியில் குனிந்து பார்த்தார். காந்தம் இல்லை, கயிறு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படியில் ஏறிக் கேபின் கூரையைப் பார்த்தார். அங்கே மட்டும் நாலு ஓட்டை. பசை வைத்து அடைத்து மேலே பெயிண்ட் பூசியிருந்தது. இதில்தான் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்தார். என்ன சூட்சுமம் என்று மட்டும் பிடிபடவில்லை.

மறுநாள் சீட்டில் இருந்து இறங்கிய தவசுக்கனியின் முன்னால் போய்க் கைகட்டி நின்றார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆசானே" என்றார். அவர் அப்படிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. "ஆடி முடியிறதுக்குள்ள என் வண்டிய நிமித்தணும். இல்லேன்னா என் தம்பிகிட்ட டிரைவரா போகணும். எனக்கு வழி சொல்லணும்."

தவசுக்கனி சிரிக்கவில்லை. "வண்டியக் கொண்டாங்க" என்றாள்.

ஸ்டாண்டுக்குப் பக்கத்து வாழைக்காய் மண்டிக்குப் பின்னால் ஒரு காலிச் சிமெண்டுத் தளம் உண்டு. மாசானம் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். தவசுக்கனி ஒரு சுற்று வந்து பார்த்தாள். கேபினுக்கு மேலே இருந்த போர்டை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் போர்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாசானத்தின் அப்பா சிவனணைந்தான் இறந்தபோது, பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சுயம்பு பெரிய பிளக்ஸ் வைத்தான். அப்பா படம், கண்ணீர் அஞ்சலி, கீழே 'சுயம்பு குடும்பத்தார்' என்று மட்டும் இருந்தது. மூத்தவன் மாசானம் பெயர் இல்லை. பிரிண்ட் போடுகிறவன் விட்டுவிட்டான் என்றான் சுயம்பு. பெத்த மூத்த பிள்ளை பெயர் எப்படிலே விட்டுப்போகும் என்றார் மாசானம். பந்தி நடக்கும்போதே வார்த்தை தடித்து, அன்றைக்குப் பேச்சு நின்றது.

அந்த மாதமே மாசானம் தகரத்தில் போர்டு அடித்தார். கேபின் அகலத்துக்கு அகலம், ஆள் நெஞ்சு உயரம். நடுவில் தலைப்பாகையோடு அப்பா முகம். சுற்றிலும் 'சிவனணைந்தான் மூத்த வாரிசு' என்று எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் சோற்றுத் தட்டு அகலம். தம்பி வீடு காவல்கிணறு விலக்கில், ரோட்டு மேலேயே இருக்கிறது. தினமும் அந்த வீட்டு வாசல் வந்ததும் மாசானம் வண்டியை அமுக்கி நிறுத்தாக் குறையாக நிறுத்துவார். நீளமாக ஒரு ஹாரன் அடிப்பார். போர்டை எல்லாரும் பார்த்தாயிற்று என்று தெரிந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்துக் கரும்புகையைக் கக்கிவிட்டுப் போவார். நாலு வருஷமாக ஒருநாள் தவறவில்லை.

"எஞ்சின அணைங்க" என்றாள் தவசுக்கனி. "நியூட்ரல் போட்டுட்டு இறங்குங்க."

"எதுக்கு?"

"தள்ளணும்."

"நானா?"

"வண்டி உங்களுதுதானே அண்ணாச்சி."

மாசானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. வண்டி அசையவில்லை.

"நகர மாட்டேங்கு."

"யாரு பிடிச்சிருக்கா?"

"யாரும் பிடிக்கலியே."

"பிடிக்காமலா நிக்கும்? பாருங்க."

மாசானம் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். கால் மெத்தையில் பட்டதுபோல் உள்ளே போனது. நாலு டயரும் அப்படித்தான். வண்டி குலுங்காமல் போகும் என்று காற்றைக் குறைத்து வைத்தது அவரேதான்.

"போய்க் காத்துப் பிடிச்சிட்டு நாளைக்கு வாங்க" என்றாள் தவசுக்கனி.

மறுநாள் வந்தார், தள்ளினார். வண்டி முனகிக்கொண்டு ஒரு முழம் போய் நின்றது. யாரு பிடிச்சிருக்கா என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே மாசானம் ஒவ்வொரு சக்கரமாகக் கை வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். பின்னால் இடது பக்கம் கையைச் சுட்டது. பிரேக் பிடித்தபடியே இருந்திருக்கிறது. எத்தனை மாதமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மெக்கானிக்கிடம் போனார்.

அதற்கடுத்த நாள் தவசுக்கனி பின்னால் ஏறிச் சாமான் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்போ தள்ளுங்க."

"ஆசானே, நீங்க மேல இருக்கியளே."

"நான் ஏறினது தெரியுதா?"

"தெரியாம என்ன? கனமா இருக்குமே."

"நான் ஏறினது தெரியுது. எனக்குக் கீழ கெடக்கிறது ஏறினது தெரியலியா?"

கீழே கிடந்தது உடைந்த ஸ்பிரிங் பட்டை, பழைய டயர் ரெண்டு, இரும்புச் சங்கிலி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டையாக வைத்திருந்த கருங்கல், மழையில் நனைந்து கல்லாகிப்போன அரை மூட்டை சிமெண்டு. அந்த சிமெண்டு மூட்டை பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவரச் சொன்னது. அவர் வீடு கட்டி, பால் காய்ச்சி, வாடகைக்கும் விட்டுவிட்டார். மாசானத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் இறக்கிப்போட்டார்.

அதன்பிறகு தள்ளியபோது வண்டி உருண்டது! சின்னப் பிள்ளை தள்ளுவண்டி உருளுகிறமாதிரி உருண்டது. மாசானத்துக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "போகுது ஆசானே, போகுது!" என்று கத்திக்கொண்டே தள்ளினார்.

இப்போது முன்னால் சீட்டில் போய் உட்கார்ந்திருந்த தவசுக்கனி பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. மாசானத்தின் நெஞ்சு பின்கதவில் இடித்தது.

மறுபடி தம் பிடித்துத் தள்ளினார். கிளப்புவதுதான் கஷ்டம், கிளம்பிவிட்டால் தானாக வருகிறது. நன்றாக உருள ஆரம்பித்ததும் அவள் மறுபடி பிரேக்கை மிதித்தாள்.

மூன்றாம் தடவை மாசானத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குப் பிரேக் பிடிக்கிய? நான் உயிரக் குடுத்து உருட்டிக்கிட்டு வாரேன்லா!"

"நேத்து ரயில்வே கேட்டு மூடியிருக்குன்னு தூரத்துலயே தெரிஞ்சது. அதுவரைக்கும் விரட்டிக்கிட்டுப் போய் நச்சுன்னு பிரேக் பிடிச்சது யாரு?"

"நான்தான்."

"வண்டி உங்களத் திட்டுச்சா?"

மாசானம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். வண்டியைப் பார்த்தார். முதல்தடவையாக அதன்மேல் அவருக்கு இரக்கம் வந்தது. பாவம், இத்தனை வருஷமும் இதுதானே தள்ளிக்கொண்டு வந்தது என்று நினைத்தார்.

அன்றிலிருந்து ஓட்டுகிற விதமே மாறிவிட்டது. ஆக்சிலேட்டரில் கால் வைக்கும்போதெல்லாம் தன் தோள்பட்டையில் கனம் ஏறுவதாக அவருக்குத் தோன்றும். தூரத்தில் கேட்டு மூடியிருந்தால் காலை எடுத்துவிடுவார். வண்டி அதுபாட்டுக்கு உருண்டுபோய்ச் சேருகிறபோது கேட்டு திறந்திருக்கும். முந்திப்போனவனெல்லாம் சந்தையில் அவருக்கு ரெண்டு வண்டி முன்னால்தான் நிற்பான். தவசுக்கனியின் பின்னால் போகிற நாட்களில் அவள் வண்டியின் சிவப்புப் பிரேக் விளக்கையே பார்த்துக்கொண்டு போவார். அது எரியவே எரியாது. அடேயப்பா, இவள் கண் எங்கே இருக்கிறது, காவல்கிணற்றில் இருந்துகொண்டே ஆரல்வாய்மொழியைப் பார்க்கிறாளா என்று வாயைப் பிளப்பார்.

ஆனி முடியும்போது வண்டி பன்னிரண்டு கொடுத்தது. பேச்சி நம்பவில்லை. ரெண்டு தடவை டேங்கை நிரப்பிப் பார்க்கச் சொன்னாள். பன்னிரண்டுதான்.

"உங்க ஆசானுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுக்கணும்" என்றாள்.

"அவ வாங்கமாட்டா."

"நீங்க கேட்டுப் பாத்தியளா?"

"காத்துப் பிடிச்சதுக்கு டயர்கடைக்காரனுக்குச் சேலை எடுப்பியளான்னு கேப்பா."

பேச்சி வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அப்புறம் ஆடி பிறந்தது.

அந்தப் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு என்ன சொன்னாலும் புரியாது. மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழைந்து, முப்பந்தலில் கரண்டு எடுக்கிற காற்றாடிகளையெல்லாம் பேய் பிடித்த மாதிரிச் சுழற்றிவிட்டு, ரோட்டில் போகிறவன் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போகும். நாகர்கோவிலுக்கு லோடு ஏற்றிப் போகிறவனுக்கு அது நேர் எதிர்க்காற்று. எல்லா வண்டியும் கொஞ்சம் இறங்கின. மாசானத்தின் வண்டி பன்னிரண்டில் இருந்து ஒன்பதுக்கே இறங்கிவிட்டது. தவசுக்கனியின் வண்டி பதிமூன்றுக்குக் கீழே வரவில்லை.

பேச்சி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் மாசானத்தைக் கொன்றது. ஆடி பாதி தாண்டியிருந்தது.

"ஆசானே, இன்னும் ஏதோ பிடிச்சிருக்கு" என்றார். "டயரப் பாத்தேன், பிரேக்கப் பாத்தேன். பின்னால ஒரு துரும்பு இல்ல. என்னன்னு சொல்லுங்க."

"லோடு இறக்கிட்டு என்கூட வாங்க."

திரும்பும் வழியில் முப்பந்தல் தாண்டியதும், காற்றாடிகளுக்குப் போகிற கிளைரோட்டில் அவள் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அவர் வண்டியை வாங்கித் தானே திருப்பி நிறுத்தினாள். நல்ல தார்ரோடு, ஆள்நடமாட்டம் இல்லை. வண்டியின் முகம் மேற்கே பார்த்து இருந்தது.

"நியூட்ரல் போட்டாச்சு. தள்ளுங்க."

மாசானம் பின்னால் போய்க் கை வைத்தார். அவர் தள்ளுவதற்கு முன்னால் வண்டி அவரைத் தள்ளியது. திடுக்கிட்டுத் தோளைக் கொடுத்து நிறுத்தினார். நகர்த்த முடியவில்லை. செருப்பு தாரில் வழுக்கியது. காது முழுக்க ஒரு பெரிய உறுமல். நாலு வருஷமாக அந்த உறுமலை அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். எஞ்சின் சத்தம் என்றே நினைத்திருந்தார். இப்போது எஞ்சின் ஓடவில்லை.

"பிரேக்கப் பிடிங்க ஆசானே! என்னால முடியல!"

அவள் பிரேக்கை மிதித்து, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"யாரு பிடிச்சிருக்கா?" என்றாள்.

மாசானம் மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்தார். போர்டு அதிர்ந்துகொண்டிருந்தது. உறுமல் அங்கேயிருந்துதான் வந்தது. தகரத்தின் பின்பக்கம்தான் அவருக்குத் தெரிந்தது. முன்பக்கத்தில் அப்பாவின் முகம் இருந்தது.

மாசானத்தின் முகம் மாறிவிட்டது.

"அது வேண்டாம்" என்றார்.

தவசுக்கனி கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற எது வேணும்னாலும் கழட்டுதேன். கதவக் கழட்டவா? பம்பரக் கழட்டவா?"

"கதவு காத்தப் பிடிக்கலியே அண்ணாச்சி."

"வரும்போது இதே காத்துப் பின்னால இருந்து தள்ளுதுல்லா? போறதும் வாரதும் சரியாப் போகும்."

"போகும்போது குடிச்சத வரும்போது டேங்குல கக்குதா?"

"தங்கச்சி, அது என் அப்பா பேரு!" என்று கத்தினார் மாசானம். ஆசான் என்கிற பட்டம் காற்றோடு போய்விட்டது. "மூத்தவன்னு எழுதியிருக்கேன். பொய்யா எழுதியிருக்கேன்? அத்தனையும் நெசம். ஊருக்கே தெரியணும்னு எழுதியிருக்கேன்!"

"ஊருக்குத் தெரியும்" என்றாள் தவசுக்கனி. "காத்துக்கு வாசிக்கத் தெரியாது."

மாசானம் வண்டியில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். அவளை அங்கேயே, ரோட்டில், அவள் வண்டியோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். காவல்கிணறு விலக்கில் தம்பி வீட்டு முன்னால் அன்றைக்கு அடித்த ஹாரன் ரெட்டிப்பு நீளம்.

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டீயைக்கூட வேறு கடையில் குடித்தார். அவள் ஒன்றும் மாறவில்லை. எதிரே வந்தால் வழக்கம்போலக் கையைத் தூக்கிக் காட்டினாள்.

ஆனால் ஒரு கெடுதல் நடந்துவிட்டது. உறுமல் எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. இனிமேல் அதைக் கேட்காமல் எப்படி ஓட்டுவது? முப்பந்தலில் நுழைந்ததும் தலைக்கு மேலே ஆரம்பிக்கும். வடசேரி போய்ச் சேரும்வரை விடாது. மாசானம் ரேடியோவைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். ரேடியோவுக்கு மேலே உறுமியது.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பேச்சி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சுயம்பு கேட்டுவிட்டாரு. ஆவணி ஒண்ணாம் தேதி வாரியளான்னு."

"நீ என்ன சொன்ன?"

"உங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேன்னு சொன்னேன்."

மாசானம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வண்டி போனால் போர்டும் போகும். மூத்த வாரிசு தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டு, தம்பி வாசலில், தம்பி வண்டி ஹாரனை அடிப்பான். நினைத்துப் பார்த்தபோது அவருக்கே கேவலமாக இருந்தது.

"நாளைக்கு லோடுக்குப் போகல" என்றார்.

விடிந்ததும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கேபின் மேல் ஏறினார். நாலே நாலு போல்ட்டு. ஆனால் நாலு வருஷத்துத் துரு. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். சுத்தியலால் தட்டினார். ஒன்று வந்தது. ரெண்டாவதில் ஸ்பானர் நழுவி முட்டி கிழிந்தது. மூன்றாவதுக்கு எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். வெயில் உச்சிக்கு வந்தபோது நாலாவது கழன்றது. பேச்சி ஒரு பக்கம் பிடிக்க, இறக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள்.

அப்போதுதான் மாசானம் அந்தப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். நாலு வருஷத்துப் பூச்சியெல்லாம் அப்பா முகத்தில் அடித்துச் செத்துக் கருகி ஒட்டியிருந்தது. ஒரு கண்ணே தெரியவில்லை. மீசையில் வண்டு, தலைப்பாகை முழுக்கச் சேறு. ஊர் பார்க்கட்டும் என்று மேலே வைத்தாரே, அவர் ஒருநாளாவது ஏறி நின்று பார்த்தாரா? வேட்டி நுனியை நனைத்துத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அழுகை வந்துவிட்டது.

"அப்பாவ முன்னால நிறுத்தி நான் பின்னால ஒளிஞ்சிருந்திருக்கேன் பேச்சி" என்று சொல்லி அழுதார். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் லோடு ஏற்றிப் போனார். முப்பந்தலில் காற்று அதேதான். ஆனால் தலைக்கு மேலே சத்தம் இல்லை. வண்டியின் உண்மையான சத்தம் இதுதானா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. திரும்பும்போது காவல்கிணறு விலக்கு வந்தது, தம்பி வீடு வந்தது. கை பழக்கத்தில் ஹாரனுக்குப் போனது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லையே, எதற்கு நிறுத்துவது? கை திரும்பி வந்துவிட்டது. வண்டி பிரேக் படாமல் அந்த வீட்டைத் தாண்டி உருண்டு போனது. அடுத்த நாளும் அப்படியே போனது.

ஆடிக் காற்றிலேயே பதிமூன்று கொடுத்தது வண்டி. பேச்சி விற்கிற பேச்சை எடுக்கவே இல்லை. ஆவணி ஒன்றாம் தேதி காலையில் வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் காவல்கிணறு விலக்கில் சுயம்பு ரோட்டுக்கே வந்து நின்றான். கையை நீட்டி வண்டியை மறித்தான். மாசானம் நிறுத்தினார்.

சுயம்பு சன்னல் பக்கம் வந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. நாலு வருஷமாக ஹாரனை அடித்தாரே தவிர அவன் தலையை அவர் பார்க்கவில்லை.

"உடம்புக்கு என்னமும் செய்யுதாண்ணே?" என்றான்.

"இல்லியே. ஏன்?"

"ஹாரன் சத்தத்தையே காணோம். பிள்ளைக கேக்குது, பெரியப்பா வரலியான்னு. அந்தச் சத்தத்துக்குத்தான் வீட்ல காப்பியே போடுவாக."

சுயம்பு கேபினுக்கு மேலே பார்த்தான்.

"அப்பா எங்க?"

"வீட்ல இருக்காரு. தொடச்சு வச்சிருக்கேன்."

"ஒருநாள் வந்து பாக்கட்டுமா?"

"அதுக்கு எங்கிட்ட கேக்கணுமாலே?" என்றார் மாசானம். சுயம்பு டிரைவர் வேலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. உள்ளே இருந்து காப்பி வந்தது. சீட்டில் உட்கார்ந்தபடியே குடித்தார்.

ஆவணியில் ஒருநாள் மழை கொட்டியது. ஓட்டிக்கொண்டிருந்த மாசானத்தின் மண்டையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. நிறுத்திப் பார்த்தார். கூரையில் நாலு ஓட்டை, போல்ட்டு இருந்த இடம். மழை விட்டதும் கடையில் பசை வாங்கி, நாலையும் அடைத்து, மேலே பெயிண்ட் பூசினார். நாலாவது ஓட்டைக்குப் பெயிண்ட் பூசும்போது அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

இதே நாலு ஓட்டையை எங்கேயோ பார்த்திருக்கிறார்.

பெயிண்ட் காய்வதற்குள் ஸ்டாண்டுக்குப் போனார். தவசுக்கனி கிளம்புவதற்காகச் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினாள். முப்பந்தலில் விட்டுவிட்டுப் போனதற்குப் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

"ஆசானே, அன்னைக்கு நான் பேசினது தப்பு."

"காத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. வண்டி எப்படிப் போகுது?"

"போகுது. அதக் கேட்டு வரல." மாசானம் படியில் ஏறி அவள் வண்டிக் கூரையில் கை வைத்தார். மழையில் நனைந்த கூரையில் அடைத்த ஓட்டைகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. "இங்கயும் ஒரு போர்டு இருந்துருக்கு."

"இருந்துச்சு."

"பெருசா?"

"உங்களுதவிடப் பெருசு."

மாசானம் இதைக் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். கேட்டுவிட்டார்.

"என்ன எழுதியிருந்துச்சு ஆசானே?"

தவசுக்கனி சாவியைத் திருப்பினாள். கிழட்டு எஞ்சின் இருமாமல் எடுத்தது. கண்ணாடியில் பின்னால் வண்டி ஏதும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"மூணாவது போல்ட்டு வரமாட்டேன்னு அடம்பிடிச்சது நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். "எழுத்து ஞாபகமில்ல அண்ணாச்சி."